இஸ்ரவேலின் அளவுகள்

செய்தி கைப்பேசியில்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, நாஷ்டா முடித்துவிட்டு ஒரு தட்டையும் ஒரு டம்ளரையும் கழுவிக்கொண்டிருந்தேன். நம் பழைய ஆலைத் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில், மோல்டிங் பிரிவில் இருந்த பழனி எழுதியிருந்தார்: 'பேட்டர்ன் ஷாப் இஸ்ரவேல் இன்று விடியற்காலை காலமானார். மாலை நான்கு மணிக்கு அடக்கம்.' கீழே கூப்பிய கைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஈரக் கையோடு ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனேன். பத்துப் பன்னிரண்டு கைகளுக்குப் பிறகு ஒருவர் கேட்டிருந்தார்: 'யாரு, நம்ம ராங் ஸ்கேலா?' இன்னொருவர், 'ஆமா, ராங் ஸ்கேல் இஸ்ரவேல்தான். தங்கமான மனுஷன்' என்று பதில் போட்டிருந்தார்.

நான் எதுவும் போடவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்பங்கரையிலேயே வெகுநேரம் நின்றேன். யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தது. பேசக்கூடிய ஒரே ஆள் அவர்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

இதை அந்தக் குழுவில் இருக்கிற உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். இஸ்ரவேலைப் பற்றி நீங்கள் எல்லோரும் இருபது வருடங்களுக்கு மேலாக நம்பிக்கொண்டிருக்கும் ஒரு விஷயம் உண்மை இல்லை. அது உண்மை இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இதைப் படிக்கலாம் என்பதால் நம் தொழிலைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். உருக்கி ஊற்றிய உலோகம் ஆறும்போது சுருங்கும். அதனால் அச்சு எடுப்பதற்காக மரத்தில் செய்கிற மாதிரியை, அதாவது பேட்டர்னை, அந்தச் சுருக்கத்துக்குத் தக்கபடி பெரிதாகச் செய்ய வேண்டும். அதற்கென்றே தனி ஸ்கேல்கள் உண்டு. பார்வைக்குச் சாதாரண ஸ்கேல் போலவே இருக்கும். கோடுகள் மட்டும் துளித்துளி தள்ளி விழுந்திருக்கும். வார்ப்பிரும்புக்கு ஒன்று. எஃகு அதைவிட அதிகமாகச் சுருங்கும் என்பதால் அதற்கு இன்னும் தாராளமான இன்னொன்று. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நம் ஃபவுண்டரியில் இஸ்ரவேல் பேட்டர்ன் செய்கிறவர். நான் அதை அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடுகிற இன்ஸ்பெக்டர்.

அந்தப் பம்பு உறை உங்களுக்கு நினைவிருக்கும். முதலில் வார்ப்பிரும்பு என்றார்கள். பிறகு வாடிக்கையாளர் எஃகு என்று மாற்றினார். மாற்றக் கடிதத்தின் ஒரு நகல் நேராக உலைக்குப் போயிற்று. மற்றொன்று இன்ஸ்பெக்ஷன் வழியாகப் பேட்டர்ன் ஷாப்புக்குப் போக வேண்டும். அதை வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டேன். மதியமே லீவு சொல்லிவிட்டுப் பொதட்டூர்பேட்டைப் பக்கம் எங்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டேன். அறுப்பும் தங்கை வீட்டு விசேஷமுமாகப் பதினைந்து நாள் ஓடிப்போயிற்று. நான் திரும்பியபோது இஸ்ரவேல், கையில் இருந்த பழைய வரைபடப்படி, வார்ப்பிரும்பு ஸ்கேலில் பேட்டர்னை முடித்திருந்தார். அவசரம் என்று என் கையெழுத்துக்குக் காத்திராமல் அது மோல்டிங்குக்குப் போய், எஃகு ஊற்றி, உறைகளும் வெளியே வந்துவிட்டன. எல்லாம் சிறுத்திருந்தன.

இழுப்பறையைத் திறந்தேன். கடிதம் அங்கேயே கிடந்தது. டீ இடைவேளையில் பேட்டர்ன் ஷாப்பில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், சுவரில் தொங்குகிற கிளிப்பில் நாலைந்து தாள்களுக்கு நடுவே அதைச் செருகிவிட்டு வந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு போய், அந்த உறைகளின்மேல் உதவாது என்று சிவப்புக் குறி போட்டவனும் நான்தான்.

விசாரணையில் இஸ்ரவேல் வாதாடவே இல்லை. "கிளிப்புல இருந்துச்சின்னா என் கண்ணுலதான் படாம பூட்டுக்கும் சார். நான் பாக்காம வுட்டுட்டேன்" என்றார். நான் எதிர்நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அவரைப் பேக்கிங் ஷெட்டுக்கு மாற்றினார்கள். அரை மில்லிமீட்டர் பார்த்துச் சீவுகிற கை, அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை பைன் பலகையில் பெட்டி செய்து ஆணி அடித்தது. 'ராங் ஸ்கேல்' என்று பட்டப்பெயர் வைத்தது யார் என்று தெரியாது. நானும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அது இன்னும் கேவலம்.

மாற்றத்துக்குப் பிறகு அவரிடம் ஒரு பழக்கம் வந்தது. பெட்டிக்குப் பலகை அறுக்கும் முன் அந்த வழியாகப் போகிற யாரையாவது கூப்பிடுவார். "அண்ணே, ஒரு நிமிசம். இத்த கொஞ்சம் அளந்து சொல்லிட்டுப் போயேன்." கேன்டீன் சமையல்காரரைக்கூடக் கூப்பிட்டிருக்கிறார். நமக்கெல்லாம் அது ஒரு வேடிக்கை. அந்த மனிதருக்குத் தன் கண்மேலும் கைமேலும் இருந்த நம்பிக்கை போய்விட்டது என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. என்னைப் பார்த்தால், "வணக்கம் ஏகாம்பரம் சார்" என்பார். நான் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போவேன்.

இரண்டு பேரும் ஓய்வு பெற்றோம். என் மனைவி போய் நாலு வருடம் ஆகிறது. மகள் பெங்களூரில். அவர் மனைவி எஸ்தர் அதற்கு முன்பே போய்விட்டார். ஒரே மகன் டேனியல் புனேவில். ஒரே ஊரில் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்தில் இரண்டு கிழவர்கள் தனித்தனியாகச் சோறு வடித்துக்கொண்டிருந்தோம். அவர் வீடு எங்கே என்று எனக்குத் தெரியும், போனதில்லை. ஆலையில் இருந்த காலத்திலும் போனதில்லை. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். எங்கள் குடும்பத்துக்கு நிலம் இருந்தது, அவர் அப்பா அப்படிப்பட்ட நிலங்களில் கூலி வேலை செய்தவர். அவ்வளவு சொன்னால் உங்களுக்குப் புரியும்.

போன வருடம் பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும். காலையில் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. இஸ்ரவேல் நின்றிருந்தார், கக்கத்தில் ஒரு சுருட்டிய காகிதத்தோடு.

"சார், பேஜாரு பண்றேன்னு நெனைக்காத. ஒரு படகு கட்டலாம்னு கீறேன்."

எனக்கு முதலில் காதில் சரியாக விழவில்லையோ என்று இருந்தது. "இன்னா படகு?" என்றேன்.

"சின்னதுதான். ரெண்டு பேரு குந்தி துடுப்பு போட்டுக்கினு போறா மாதிரி. போன்ல பாத்தேன். மரத்துலியே கட்றானுங்க."

"மீன் பிடிக்கவா?"

"இல்ல சார். பெட்டி செஞ்சி செஞ்சி கை மரத்துப் பூடுச்சி. சாவறதுக்குள்ள மில்லிமீட்டர் பாத்து ஒரு வேல செய்யணும். பெட்டி எப்பிடி இருந்தாலும் லாரி ஏறிடும். படகு அப்பிடி கெடையாது. தண்ணிதான் அதுக்கு இன்ஸ்பெக்டரு. உன்ன மாதிரி செவப்பு பெயிண்ட் எல்லாம் அடிச்சிக்கினு இருக்காது. தப்புன்னா நேரா உள்ள வந்துரும்."

அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னார். பாதி அளவுகளை நான் எடுத்துத் தர வேண்டுமாம். தான் ஒரு பக்கத்தை அளந்து அறுப்பாராம், நான் மறுபக்கத்தை அளந்து கோடு போட வேண்டுமாம். இரண்டும் பொருந்தினால் சரியாம். ஒரு பக்கத்தை அறுத்து அதையே திருப்பிப் போட்டு மறுபக்கம் வரைவதுதான் எந்தத் தச்சரும் செய்வது. அது அவருக்குத் தெரியாதா? "என் தப்பு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா நான் எப்பிடி சார் கண்டுபுடிக்கிறது?" என்றார். மறுநாளே போனேன். குற்ற உணர்ச்சியில் போனேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மையில் வீட்டில் தனியாக உட்கார முடியாமல் போனேன்.

அவர் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு ஒரு இடம் ஒதுக்கியிருந்தார். மரம் எல்லாம் பழைய பெட்டி மரம். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் இறங்குகிற இயந்திரங்கள் வருகிற பைன் பெட்டிகளைப் பிரித்து நெடுஞ்சாலை ஓரம் விற்பார்களே, அது. ஆணித் துளை விழாத பாகமாகப் பார்த்து எடுத்து, விரல் அகலத்துக்கு நீளநீளமான சிம்புகளாக அறுத்திருந்தார். முதலில் ஒட்டுப்பலகையில் ஏழு சட்டங்கள் செய்ய வேண்டும். படகின் விலா எலும்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சட்டமும் வலது பாதி, இடது பாதி என்று இரண்டு துண்டு. சட்டங்களை வரிசையாக நிறுத்தி, அவற்றின்மேல் சிம்புகளை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே வந்தால் படகின் உடம்பு உருவாகிவிடும். வலது பாதி ஏழும் அவர் கை. இடது பாதி ஏழும் என் கை. நான் ஆலையிலிருந்து ஓய்வு பெற்று வரும்போது பையில் கொண்டுவந்த பழைய இரும்பு ஸ்கேலை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். நாற்பது வருடம் கையில் புழங்கிய ஸ்கேல்கள் அந்தப் பையில் மூன்று நாலு இருந்தன.

முதல் சட்டத்தை நடுக்கோட்டில் சேர்த்து வைத்தோம். இடது பக்கம் எட்டு மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

இஸ்ரவேல் கட்டை விரலால் அந்த விளிம்பைத் தடவிப் பார்த்தார். வெகுநேரம் தடவினார். "உன்னுது சரி சார். என்னுது கம்மியா பூட்ச்சி."

"இன்னொரு தபா அளந்து பாத்துரலாமே" என்றேன்.

"எதுக்கு? நீ இன்ஸ்பெக்டரு. நீ அளந்தா தப்பாவுமா? எனக்குத்தான் இந்த ஸ்கேல் கெரகம் வுட மாட்டேங்குது."

மற்ற ஆறும் அப்படியே. அவருடைய ஏழு பாதிகளையும் குளியலறைப் பக்கம் சாய்த்து வைத்துவிட்டு, என் பாதிகளைப் பார்த்துப் பார்த்துப் புதிதாக ஏழு செய்தார். பத்து நாள் வேலை. எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? பெருமையாக இருந்தது. கண்ணில் புரை விழுந்த பிறகும் நம் அளவு நிற்கிறதே என்று. அதையும் எழுதிவிடுகிறேன், எழுத உட்கார்ந்தாயிற்று.

அந்த மாதங்கள் நன்றாக இருந்தன. காலை ஒன்பது மணிக்குப் போனால் மத்தியானம்வரை வேலை. அவர் ஒட்டுவார், நான் பிடித்துக்கொள்வேன். பசை காய்வதற்குள் சிம்பை நகர்த்தினால் திட்டுவார். "கைய எட்றா நைனா" என்று ஒருநாள் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு 'சார்' குறைந்துபோய் 'இன்ஸ்பெக்டரு' ஆனேன். அவர் வீட்டில் சாப்பிட்டேன். கருவாட்டுக் குழம்பு வைத்தால், "உங்க ஊட்ல இதெல்லாம் உண்டா இன்ஸ்பெக்டரு?" என்று சீண்டுவார். எஸ்தரைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினார். "அவ இருந்தா இந்நேரம் இந்தப் பசைய தூக்கி வெளிய போட்டுருப்பா. வாசன ஆவாது. இப்ப ஊடு பூரா நாறுது, கேக்க ஆளில்ல" என்றார். சொல்லிவிட்டுச் சிம்புக்கு உப்புத்தாள் போட ஆரம்பித்தார்.

புரட்டாசி மாதம் கடைசிச் சிம்புகளுக்கு வந்தோம். எத்தனை சிம்பு வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சரியாக அறுத்து அடுக்கியிருந்தார். எல்லாம் ஒட்டி முடித்தபோது அடிப்பக்கம் நடுவில் ஒரு சிம்பு அகலத்துக்கு மூடாமல் திறந்திருந்தது. கீழே குனிந்து அதன் வழியாகப் பார்த்தார். "பாரு, எண்றதுலயும் தப்பு. இன்னா கையோ, இன்னா கண்ணோ" என்றார். ஒரு சிம்பை அறுத்து அடைத்துவிட்டார்.

ஆனால் நான் இன்ஸ்பெக்டர் அல்லவா? அந்த இடைவெளி என்னைத் துரத்திக்கொண்டே வந்தது. கணக்கில் ஒரு சிம்பு குறைந்தால் அது எண்ணிக்கைப் பிழை இல்லை. உடம்பே அவர் கொண்டுவந்த வரைபடத்தைவிடப் பெருத்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து பையைத் திறந்து என் ஸ்கேலைத் தையல் டேப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். முப்பது சென்டிமீட்டருக்கு ஆறு மில்லிமீட்டர் அதிகம். ஓரத்தில் பொறித்திருந்த எழுத்து தேய்ந்துபோயிருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரிந்தது. அது எஃகுக்கான சுருக்க ஸ்கேல். மரத்தில் கட்டுகிற படகுக்கு, எஃகு ஆறிச் சுருங்குவதற்கு இடம் விட்டு நான் அளந்து கொடுத்திருக்கிறேன். உலகத்தில் வேறு எந்தப் படகுக்கும் இப்படி ஒரு பிழை நேர்ந்திருக்காது. அவருடைய ஏழு பாதிகளும் சரி. என்னுடைய ஏழும் தப்பு. அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லை. இரண்டு மாதம் சொல்லவில்லை. இதைச் சொன்னால் அதையும் சொல்ல வேண்டிவரும் என்று பயம். வாய் திறந்தால் கிளிப்பில் செருகிய கடிதம்வரை வந்துவிடும். அந்த வீட்டு வாசலையும் கருவாட்டுக் குழம்பையும் இழந்துவிடுவேன். எனக்கு அவர் ஒருவர்தான் இருந்தார், அதுதான் காரணம். கோழைத்தனத்துக்கு அதைவிட நல்ல பெயர் என்னிடம் இல்லை.

கார்த்திகை மழையில் பக்கத்து ஏரி நிரம்பியது. மார்கழி பிறந்து ஒரு சனிக்கிழமை காலை குட்டியானை வண்டி வைத்துப் படகை எடுத்துக்கொண்டு போனோம். அவர் முழங்கால் போட்டுச் சின்னதாக ஜெபம் செய்தார். நான் ஒரு தேங்காய் வாங்கிப் போயிருந்தேன். படகின் மூக்கில் உடைத்தேன். தேங்காய்த் தண்ணீர் முழுவதும் உள்ளே வழிந்தது. "படகு தண்ணில எறங்கவே இல்ல, அதுக்குள்ள உள்ள தண்ணி ஊத்திட்டியே இன்ஸ்பெக்டரு" என்றார். வண்டிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கிட்டே வந்து சுற்றிப் பார்த்தார்.

"இது இன்னாத்துக்கு தாத்தா? மீனு புடிக்கவா?"

"இல்லம்மா. சும்மா."

"சும்மாவா? வயசான காலத்துல ஊட்ல குந்திக்கினு இருக்கக் கூடாதா?"

"ஊட்ல குந்திக்கினு இருந்து பாத்துட்டோம்மா" என்றார் இஸ்ரவேல்.

தண்ணீரில் இறக்கினோம். படகு லேசாக ஒருமுறை ஆடிவிட்டு நின்றது. இஸ்ரவேல் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, உள்ளே கையை விட்டு அடிப்பலகை முழுவதும் தடவினார். சிம்புக்குச் சிம்பு தடவினார். உலர்ந்திருந்தது. உள்ளங்கையைத் திருப்பி என்னிடம் காட்டினார். அந்த முகத்தை நான் ஆலையில் பார்த்ததே இல்லை.

இருவரும் ஏறினோம். முன்னால் நான், பின்னால் அவர். ஆளுக்கொரு லாரி டியூபை இடுப்பில் மாட்டிக்கொண்டோம், பார்க்கச் சகிக்காது. நடு ஏரிக்கு வந்தபோது கரைச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. எங்கோ தொழிற்பேட்டைப் பக்கம் ஷிப்ட் சங்கு மட்டும் ஊதி அடங்கியது. அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். திரும்பிப் பார்க்காமல் சொன்னேன்: "இஸ்ரவேல், அந்தச் சட்டம். அன்னைக்கு நீங்க செஞ்சது சரி. என் ஸ்கேல்தான் தப்பு. ஸ்டீல் ஸ்கேல் எடுத்துக்கினு வந்துட்டேன்."

பின்னால் துடுப்புச் சத்தம் நின்றது.

"இன்னா சொல்ற?"

திரும்பவும் சொன்னேன்.

"அப்ப என் கை சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சி."

"ஏழும்?"

"ஏழும்."

படகு தானாக மெல்ல மிதந்துகொண்டிருந்தது. மறுபடியும் கேட்டார், "மெய்யாலுமா இன்ஸ்பெக்டரு? என் கை சரியா?" என்று. நான் கோபத்தை எதிர்பார்த்திருந்தேன். பத்து நாள் வேலையை வீணடித்தாயே என்று கத்துவார் என்று நினைத்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார், சந்தோஷத்தில். கரைக்கு வந்ததும் அந்த ஆட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டு, "யம்மா, நான் அளந்தது சரியாம்மா. இவருதுதான் தப்பாம்" என்றார். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வண்டிக்காரரிடமும் சொன்னார். டீக்கடையில் சொன்னார்.

ஒரு சின்னப் பிழையிலிருந்து விடுதலை கொடுத்ததற்கே இந்த மனிதர் இப்படி ஆகிவிட்டாரே, அந்தப் பெரியதைச் சொன்னால் என்ன ஆவார்? அன்று டீக்கடை பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பம்பு உறையையும் அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. இன்றைக்கு இந்த சந்தோஷம் போதும், அடுத்த ஞாயிறு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். உண்மை என்னவென்றால், அவர் அன்று என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அது இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

அடுத்த ஞாயிறு மகள் வந்துவிட்டாள். அதற்கடுத்த ஞாயிறு கால் வலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நடுவில் அவர் போன் செய்தார். "இன்னா இன்ஸ்பெக்டரு, ஆளையே காணோம். ஒரு வேல பாக்கி கீது. நீ வந்தாதான் ஆவும்" என்றார். வருகிறேன் என்றேன். மூன்றாவது ஞாயிறு காலைதான் பழனியின் செய்தி வந்தது. பால் போட வந்தவர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டிருக்கிறார். நெஞ்சுவலியாம். பக்கத்தில் யாரும் இல்லை.

அடக்கத்துக்கு உங்களில் ஆறு பேர் வந்திருந்தீர்கள். எல்லோரும் போன பிறகு டேனியல் என்னை வீட்டுக்குள் கூப்பிட்டார். "அங்கிள், படகை நீங்க எடுத்துக்கோங்க. இதையும் என்ன பண்றதுன்னு பாருங்க, தூக்கிப் போட்டுடலாமா?" என்று சுவரைக் காட்டினார். முன்னறைச் சுவரில், வேத வசனக் காலண்டருக்குப் பக்கத்தில், ஏழு ஆணிகளில் ஏழு பாதிச் சட்டங்கள் தொங்கின. குளியலறைப் பக்கம் சாய்த்து வைத்திருந்த அவருடைய பழைய பாதிகள். தூசி துடைத்து, உப்புத்தாள் போட்டு, வார்னிஷ் பூசி மாட்டியிருந்தார். ஒவ்வொன்றின் கீழ் மூலையிலும் பென்சிலால் ஒரு சின்னக் கட்டம். நம் ஆலையில் ஒவ்வொரு பேட்டர்னிலும் இன்ஸ்பெக்டர் கையெழுத்துக்கு விடுவோமே, அதே கட்டம். ஏழும் காலியாக இருந்தன.

பாக்கி வேலை எது என்று அப்போதுதான் தெரிந்தது. அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். டேனியலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாற்றக் கடிதம், இழுப்பறை, கிளிப், சிவப்புப் பெயிண்ட், பேக்கிங் ஷெட். நல்ல பிள்ளை, பொறுமையாகக் கேட்டார். பிறகு என் தோளைத் தொட்டு, "அங்கிள், அதெல்லாம் எனக்குப் புரியல. எப்பவோ நடந்தது. அப்பா உங்களைப் பத்தி நல்லவிதமாத்தான் பேசுவார். விடுங்க" என்றார். மன்னித்துவிட்டார். ஆனால் எதை மன்னிக்கிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. வார்ப்பிரும்பு ஸ்கேலுக்கும் எஃகு ஸ்கேலுக்கும் என்ன வித்தியாசம், கிளிப்பில் ஒரு தாள் இருப்பதற்கும் இல்லாததற்கும் என்ன வித்தியாசம் என்று தெரிந்த ஒரே மனிதரை அன்று மாலை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்திருந்தோம். மிச்சம் இருப்பது நீங்கள்தான். அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

ஏழு பாதிகளும் இப்போது என் வீட்டில் இருக்கின்றன. நேற்று நல்ல வெளிச்சத்தில், புது ஸ்கேல் ஒன்று வாங்கி, டேப்போடு ஒத்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றையும் வரைபடத்தோடு வைத்து அளந்தேன். எதிலும் அரை மில்லிமீட்டர் பிசகு இல்லை. ஏழு கட்டத்திலும் கையெழுத்துப் போட்டேன். இஸ்ரவேலிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இவைதான். படகும் இருக்கிறது, ஒரு ஆளாக அதைத் தூக்க முடியாது.

அந்தப் பம்பு உறைப் பேட்டர்ன் இன்று இல்லை. எப்போதோ உடைத்து எரித்திருப்பார்கள். ஆனால் சிவப்புக் குறி போடுவதற்கு முன் அந்த உறைகளை அளந்தவன் நான். எஃகு கூடுதலாக எவ்வளவு சுருங்குமோ, எல்லா இடத்திலும் அதே விகிதத்தில் குறைந்திருந்தது. அதைவிடச் சுத்தமான ஒரு பேட்டர்ன் என் மேஜைக்கு வந்ததே இல்லை. என் கையெழுத்துக்குக் காத்திராமல் போன ஒரே பேட்டர்ன் அது. அதற்கான கையெழுத்தை இப்போது உங்கள் முன்னால் போடுகிறேன்.

பம்பு உறைப் பேட்டர்ன், வார்ப்பிரும்பு. செய்தவர்: இஸ்ரவேல். எல்லா அளவும் சரி.

ஏகாம்பரம், இன்ஸ்பெக்ஷன்